கிடைமாட்டை எண்ணிக் கட்டிய தொட்டி

சின்னமனூர்
6-5-84

தேனியிலிருக்கும் மாப்பிள்ளை சுருளிவேல் அவர்களுக்கு மாமன் கோட்டைச்சாமி எழுதிக்கொள்வது. இங்கு வயலும் உழவுமாடு இரண்டும் சுகம். அங்கு நீங்களும் ராஜாத்தியும், கோபித்துக்கொண்டு வந்து உங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்கள் அத்தையும் சுகமென்று நம்புகிறேன்.

மாப்பிள்ளையிடம் கோபப்படக் கூடாது என்பதால் உங்கள் ஆபீஸ் மேல் கோபப்படுகிறேன். விறகை விட்டு நாடே சாண எரிவாயுவுக்கு மாறப்போகிறது, டெல்லியில் திட்டம் போட்டுவிட்டார்கள் என்று சொன்னது நீங்கள். அதைக் கேட்டு மனுப் போட்டேன். உங்கள் அதிகாரி வந்த அன்று நான் சந்தைக்குப் போய்விட்டேன். அறுப்பு முடிந்த என் வயலில் மாடு மேய்க்கிற சங்கிலியின் மலைமாடுகள் உரத்துக்காகக் கிடை கிடந்தன. கிடைமாடு சில ராத்திரி படுத்துவிட்டு அடுத்த வயலுக்குப் போகும், பிறகு மேகமலைக்கு ஏறிவிடும் என்று இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அந்த மெட்ராஸ்காரர் அத்தனையும் என் மாடு என்று எண்ணி எழுதி, கொல்லையில் கல்யாண மண்டபம் அளவுக்கு எரிவாயுத் தொட்டி கட்டவைத்துவிட்டுப் போய்விட்டார். மாடு மலையில் சாணி போடுகிறது, தொட்டி இங்கே காலியாகக் கிடக்கிறது.

உங்கள் வார்த்தையை நம்பி, தொட்டிக்கு மூடி வந்த அன்றைக்கே உங்கள் அத்தை மண்ணடுப்பை இடித்துவிட்டாள். கல்யாணமான நாள்முதல் புகையில் இருமியவள். வேறு அடுப்பு போட்டுத் தருகிறேன் என்றேன். "இனிமே நான் புகைக்குள்ள குனியமாட்டேன். நீல நெருப்பு எரிஞ்சா ஆள் விடுங்க, வாரேன்"னு பஸ் ஏறிட்டா. ஆபீசுல போய்க் கேட்டா, ஊர்ச் சாணியைப் பொறுக்கிப் போடுங்கன்னு சொல்றாக. நான் கூடையைத் தூக்கிக்கிட்டு அடுத்தவன் தொழுவத்து வாசல்ல நிக்கணுமாம். செத்தாலும் செய்யமாட்டேன். திட்டம் போட்ட டெல்லிக்காரர் வந்து பொறுக்கட்டும். மூணு வேளையும் கிளப்புக்கடை இட்லி தின்னு வயிறு கல்லாக் கிடக்கு. உடனே ஆள் அனுப்பித் தொட்டியை இடித்துச் செங்கலை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். உங்கள் அத்தைக்கும் புத்தி சொல்லி அனுப்புங்கள்.

ராஜாத்திக்கு என் ஆசி. சுருளிமலை முருகன் உங்களைக் காப்பாற்றட்டும். உங்கள் அதிகாரியையும் என் கண்ணில் படாமல் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கோட்டைச்சாமி

பி.கு.: தபாலில் போடாமல் இந்தக் கடிதம் இத்தனை நாளும் மாடத்திலேயே கிடந்துவிட்டது. தொட்டியை இடிக்க யாரையும் அனுப்ப வேண்டாம். கூடை தூக்குவதைப் பற்றி எழுதியதையும் படிக்க வேண்டாம். நான் கூடையோடு போனதை ஊரே பார்த்துச் சிரித்துவிட்டது. இன்று காலை நெருப்பு நீலமாகப் பிடித்தது. நானே காப்பி போட்டேன். புகையே இல்லை, மாப்பிள்ளை. பழக்கதோஷத்தில் அவளுக்கும் ஒரு தம்ளர் ஊற்றி வைத்துவிட்டேன். ஆறிக் கிடக்கிறது. பஸ் ஏற்றி விடுங்கள்.