நூல் வைத்த சாண்ட்விச்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் பாதிதான் கேட்பேன். மீதி நேரத்தில் கவலைப்படுவேன். கவலை தீர்ந்துவிட்டால் கனவு காண்பேன். முதுகலை வரை படித்ததும் இப்படித்தான். (அதில் முதல் வகுப்பு வேறு. விடைத்தாளைத் திருத்தியவரும் பாதிதான் படித்திருப்பார் என்பது என் கணவரின் கருத்து.) இந்தப் பழக்கத்தால்தான் போன வருடம் மாமல்லபுரம் கடற்கரையில், இருபத்து நான்கு குழந்தைகளுக்கும் ஓர் ஆசிரியைக்கும் நூல் பரிமாறினேன்.

மித்ரா அப்போது ஒன்றாம் வகுப்பு. ஊரப்பாக்கத்துக்குப் புதிதாகக் குடிவந்திருந்தோம், பள்ளியும் புதிது. ஒரு மாதமாக அவளுடைய டிபன் பெட்டி போன கனத்திலேயே திரும்பி வந்தது. இட்லியும் எலுமிச்சை சாதமும் பள்ளியைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பின. யாரோடும் பேசுவதில்லை, தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று ரேவதி மிஸ் சொன்னார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு மித்ராவிடம் விசாரித்ததில் ஒரே ஒரு தகவல் கிடைத்தது.

"ஆத்யா பாக்ஸுல, ரெண்டு பிரெட்டுக்கு நடுவுல பிங்க் கலர்ல ஒரு ரவுண்டு இருக்கும்மா. எல்லாரும் அவ பக்கத்துலதான் உக்காருவாங்க."

அந்த பிங்க் வட்டத்தைத் தேடி சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். கோழி இறைச்சியை வேகவைத்து மெல்லிசாகச் சீவி அடைத்த பாக்கெட். விலையைப் பார்த்ததும் அதைக் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் மெதுவாகத் திரும்ப வைத்தேன். அந்தக் காசுக்கு முழுக்கோழி வாங்கலாம். அப்படியென்றால் நாமே வேகவைத்து, நாமே சீவினால் என்ன?

அந்த வாரமே பெற்றோர் கூட்டம். மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா, அம்மாக்களும் கூட வரலாம், ஆளுக்கொரு பண்டம் கொண்டுவர வேண்டும் என்று ரேவதி மிஸ் சொல்லிக்கொண்டிருந்தார். நானோ, சவுக்குத் தோப்பில் மித்ராவைச் சுற்றி எல்லாக் குழந்தைகளும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனவிலிருந்து திரும்பியபோது என் கை மேலே இருந்தது, வாயும் எதையோ சொல்லி முடித்திருந்தது.

"எல்லாருக்கும் சிக்கன் சாண்ட்விச்சா? சூப்பர் மேம்!" என்றார் மிஸ்.

படாளத்தில் கறிக்கடை வைத்திருக்கும் என் நாத்தனாருக்குப் போன் செய்தேன். கணவரின் அக்கா. கத்தி பிடித்த கையும் கத்தி போன்ற வாயும் அவருக்கு.

"எலும்பில்லாத நெஞ்சுக்கறிய பாயி மாதிரி சுருட்டு. நூல் போட்டு இறுக்கிக் கட்டு. கட்டலன்னா வெந்ததும் பிரிஞ்சி பூடும்," என்றார். நான் உடனே நூலைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினேன். எந்த நூல்? சாயம் போகுமா? இதற்கிடையே அவர் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "ஐஸ்ல வச்சி கல்லாக்கினு, கட்டு அவுக்காம அப்பிடியே வெட்டு" என்பது வரைக்கும் காதில் விழுந்தது. அதற்குப் பின் வந்த ஒரு வாக்கியம் எனக்கும் அவருக்கும் நடுவே, மறைமலைநகர் பக்கம் எங்கோ விழுந்துவிட்டது.

தெருமுனைக் கடையில், "கறி கட்டுற நூல் இருக்காண்ணா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கறிய எதுக்குமா கட்டணும்? ஓடியா பூடப்போவுது?" என்று சொல்லிவிட்டு, பூக்கட்டும் வெள்ளை நூல்கண்டை எடுத்து வைத்தார்.

மிளகு, பூண்டு, உப்பு தடவினேன். பிங்க் நிறம் வேண்டுமே என்று பீட்ரூட் சாற்றையும் ஊற்றினேன். பிறகு சுருட்டிக் கட்டினேன். ஒரு சுற்று போதும்தான். ஆனால் பிரிந்துவிட்டால்? எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு கட்டுக்கும் பத்துச் சுற்று. விரல் இடைவெளியில் ஒரு கட்டு. இட்லிப் பானையில் வேகவைத்தேன். வெந்ததா என்ற கவலையில், ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தேன். அது மூன்று முறை கத்திவிட்டு நிரந்தரமாகக் கண்ணை மூடியது. (அதனால் புதுத் தெர்மாமீட்டர் வாங்க வேண்டியதாயிற்று. சிக்கனம் அங்கேயே முடிந்துவிட்டது.) சந்தேகம் தீராமல் இன்னும் அரை மணி நேரம் வேகவைத்தேன்.

சுற்றுலா அன்று விடிந்ததும், ஃப்ரீசரில் உறைந்து கிடந்த உருளைகளோடு அருவாமனை முன் உட்கார்ந்தேன். சமையலறை ஜன்னலில் இளவெயில். உருளையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்த அழுத்த, வட்டம் வட்டமாக விழுந்தது. ஒவ்வொன்றும் பனி பூத்த சின்ன நிலா. தட்டில் நிலா நிறைந்தது. எனக்குத் தூக்கம் போலவும் இல்லை, விழிப்பு போலவும் இல்லை. மித்ரா சிரிக்கிறாள், யாரோ அவள் தோளில் கை போடுகிறார்கள். பீட்ரூட் சாறு நூலையும் அதே பிங்க் நிறத்தில் நனைத்திருந்ததும், சில நிலாக்களின் இடுப்பில் நூல் அப்படியே சுற்றியிருந்ததும் என் கண்ணில் படவே இல்லை.

வேன் செங்கல்பட்டைத் தாண்டும்போது ஏரி கூடவே ஓடி வந்தது. மித்ரா தனி இருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் மடியில் சாண்ட்விச் கூடை. உப்பு போட்டேனா?

சவுக்குத் தோப்பில் ஜமுக்காளம் விரித்தோம். தூரத்தில் கடற்கரைக் கோயில் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. ரேவதி மிஸ்தான் முதலில் கடித்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். இரண்டு விரலால் உதட்டோரத்தில் எதையோ பிடித்து இழுத்தார். அது வந்தது. இன்னும் வந்தது. கை முழுதாக நீண்ட பிறகும் வந்துகொண்டே இருந்தது.

"மேம்," என்றார் மிகுந்த மரியாதையுடன், "இது எப்ப முடியும்?"

அதற்குள் ஒரு பையன் எழுந்து நின்றான். "மிஸ், என் சாண்ட்விச்சுக்கு வால் இருக்கு!"

"எனக்கும் வால்!" "எனக்கு இல்ல மிஸ், எனக்கு வேணும்!"

நான் பாய்ந்தேன். "யாரும் முழுங்காதீங்க! வாயத் திற, வாயத் திற!" என்று ஒவ்வொரு குழந்தையாகப் பிடித்து, பல் மருத்துவர்போல் உள்ளே எட்டிப் பார்த்து நூல் சேகரித்தேன். மற்ற அம்மாக்கள் தங்கள் புளியோதரைப் பாத்திரங்களை மெல்லத் தங்கள் பக்கம் நகர்த்திக்கொண்டார்கள். மண்ணுக்குள் போய்விடலாம் என்று தோன்றியது. மித்ராவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஏற்கெனவே பேச ஆளில்லாத பெண். இப்போது பெயரும் கெட்டதே.

திரும்பினால் அவளைக் காணோம்.

அலையோரத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். கையில் நூல் நுனி. பின்னால், மணலைத் தொட்டும் தொடாமலும் துள்ளியபடி ஒரு பிங்க் வட்டம். அதன் பின்னால் ஒரு காக்கை. அது தாழ்ந்து வந்து வட்டத்தைக் கவ்வி எழுந்தது. ஒரு கணம் நூல் விறைத்து நின்றது. கீழே என் மகள், மேலே காக்கை, நடுவே பிங்க் கோடு. எனக்குக் கடலின் சத்தமே கேட்கவில்லை. பிறகு அவள் கையை விரித்தாள். நூல் வளைந்து வளைந்து சவுக்கு உச்சிக்குப் போய், அங்கே ஆடிக்கொண்டு நின்றது.

"விட்டுட்டேன்மா! இல்லன்னா நானும் போயிருப்பேன்!" என்று கத்தினாள். ஒரு மாதத்தில் எல்லார் முன்னாலும் அவள் பேசிய முதல் பேச்சு அது.

இருபத்து மூன்று குழந்தைகளும் அவளை நோக்கி ஓடினார்கள். முன்னால் ஓடியவள் ஆத்யா. "மித்ரா, எனக்கும் நூல் வச்சது ஒண்ணு வாங்கித் தா!" மித்ரா என்னிடம் வந்து, தனக்கொன்றும் ஆத்யாவுக்கொன்றும் வாங்கிக்கொண்டாள். நூலை எடுப்பதற்காக இருவரும் கவனமாகச் சுற்றிலும் கடித்துத் தின்றார்கள். மித்ரா தின்றாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்: பதினாறு கடி.

மாலையில் நாத்தனாரிடம் சொன்னேன். போனிலேயே கத்தினார்.

"வெட்டிட்டு அப்பாலிக்கா நூல உருவிடுன்னு சொன்னனேடி! இன்னாத்த கேட்டுகினு இருந்த?"

"அது மட்டும் கேக்கலண்ணி."

இப்போது படாளத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், பந்தியில் என் இலைக்குக் கறி வந்ததும் எதிர்வரிசையிலிருந்து அவர் குரல் வரும்: "பவி! நூல் கீதான்னு பாத்துக்கோ!" முழுப் பந்தியும் சிரித்து முடிக்கும் வரை நான் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கறியை நானேதான் சீவுகிறேன். நூலை உருவிவிட்டு இரண்டு முறை எண்ணுகிறேன். அதன் பிறகு, மகளின் உத்தரவுப்படி, வெளிப்பக்கம் ரொட்டியைச் சுற்றி வேறொரு நூலைக் கட்டி அனுப்புகிறேன். இரண்டு சாண்ட்விச், ஒன்று ஆத்யாவுக்கு. மாலையில் பெட்டி காலியாக வருகிறது. நேற்று நூலும் இல்லை.

"நூல் எங்கேடி?" என்றேன், பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே.

அவள் சொல்லத் தொடங்கினாள். காக்கையில் ஆரம்பித்து மாமரம், ஆத்யா, வாட்ச்மேன் என்று நெடுநேரம் போயிற்று. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் முழுவதும் கேட்டேன்.