கோலமாவு டப்பாவும் சாமந்தி மாலையும்

காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு நான் சாகத் தொடங்கினேன். என் எட்டு வயது மகன் குமாரின் கையிலிருந்து கோலமாவு டப்பாவைப் பிடுங்கியது அப்போதுதான்.

அறுபதுகளில் நாங்கள் திண்டிவனத்தில் குடியிருந்தோம். என் மனைவி சரோஜா, தங்கையின் பிரசவத்துக்காக முதல் நாள் விழுப்புரம் போயிருந்தாள். குமாருக்கு அம்மாவைவிட நன்றாகக் கோலம் வரும். எனக்கு அதுதான் கவலை. ஐந்து வயதில் நான் துடைப்பத்தைத் தொட்டபோது என் அப்பா, "பொட்டப்புள்ளயாடா நீ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை முப்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்து, அதே குரலில் குமாரிடம் கேட்டேன். (அப்பா எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து.)

பிறகு கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, நானே வீட்டைப் பெருக்கிக் கேப்பைக் கூழ் கிண்டினேன். ஆண்பிள்ளை அடுப்படியில் நிற்பதைத் தெரு பார்க்கலாமா?

தெரு பார்த்தது வேறு. ஒரு வாரமாக இருமிக்கொண்டிருந்த மனுஷன், சாத்திய கதவு, கோலமில்லாத வாசல். சாவு வீட்டில்தான் கோலம் போட மாட்டார்கள். எதிர்வீட்டுத் தனபாக்கியத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் கணவர் விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர். சரோஜாவுக்குச் சொல்லச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, என் ஆபீசுக்கும் ஆள் விட்டாள். (கதவைத் தட்டியிருக்கலாமே என்றேன் பிற்பாடு. செத்தவரை எப்படிக் கூப்பிடுவது என்றாள்.)

ஒன்பது மணிக்கு யாரோ தட்டினார்கள். கூழ்க் கரண்டியோடு போய்த் திறந்தேன். பத்துப் பேர் நின்றார்கள். முன்னால் எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, கையில் சாமந்தி மாலை. என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார்.

"வாங்கிக்கினு வந்துட்டனே. இத இப்ப இன்னா பண்றது?"

கதவு ஆணியில் மாட்டச் சொன்னேன். (குமார் இப்போது கல்லூரியில் படிக்கிறான். நான் இருமினால் இன்றும் வாசலை எட்டிப் பார்க்கிறான்.)

சரோஜாவுக்கும் தகவல் போயிருப்பது அப்போதுதான் தெரிந்தது; நான் சாகவில்லை என்று அவளுக்கு யார் சொல்வது? அவள் ஏற்கெனவே பஸ்ஸில் இருந்தாள்.

பத்தரை மணிக்கு ஜட்கா வண்டி வந்து நின்றது. விழுப்புரத்திலிருந்து அழுதுகொண்டே வந்த சரோஜாவின் முகம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. ஆணியில் தொங்கிய மாலையைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். குமாரிடம் திரும்பினாள்.

"ஏண்டா, நீயாவது கோலம் போட்டிருக்கலாமில்ல?"

"ஆம்பள போடக் கூடாதுன்னு அப்பா புடுங்கிக்கினாரு."

சரோஜா உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து என் கையில் வைத்தாள்.

"ஆம்பளயா சாவறதுக்கு, கோலம் போட்டுக்கினு உசுரோட இருங்க."