என் வேற்றுக்கிரகவாசிகள் மரக்காணத்தில் மண்ணைக் கவ்விய கதை

விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்களுக்குப் பால்வெளியில் நடப்பதெல்லாம் தெரியும். தாங்கள் இருக்கிற வீட்டில் நடப்பது மட்டும் தெரியாது. மற்றவர்களைப் பற்றி எனக்கு உறுதியில்லை, என்னைப் பற்றிச் சத்தியமே செய்வேன்.

நான் பெருமுக்கல் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். வானம் கறுத்தால் எங்கள் வீட்டில் பாயசம் வைக்காத குறைதான். கல்யாணமாகி மரக்காணம் வந்து அப்போது மூன்றே மாதம். மாமியார் உப்பளத்தில் வேலை செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். நான் வைக்கும் குழம்பைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை (நல்ல வேளை). எப்படியாவது அவரிடம் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சித்திரையில் ஊர் நூலகத்தில் என் கதையை வாசிக்கக் கூப்பிட்டார்கள். தயங்கித் தயங்கி மாமியாரிடம் சொன்னேன். அவரோ தன்னோடு உப்பு வாரும் பெண்கள் பதினைந்து பேரைத் திரட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். "எங்க மருமவ எழுதுனது" என்று நூலகரிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கதை இதுதான். வறண்டாசுரன் என்று ஒரு ராட்சத ரோபோ. (பெயர் வைப்பதில் அப்போதே எனக்கு அப்படியொரு திறமை!) மேகம் எங்கே தென்பட்டாலும் உறிஞ்சிக் குடித்துவிடும். உலகமே காய்ந்துபோகிறது. கடைசியில் தூரத்துக் கிரகத்திலிருந்து பச்சை நிறத்தில் சில நல்லவர்கள் வந்து, ரோபோவை உடைத்து, மழையை மீட்டுத் தருகிறார்கள்.

ரோபோ முதல் மேகத்தைக் குடித்த இடத்தில், யாராவது உச்சுக் கொட்டுவார்கள் என்று நிறுத்தினேன். கைதட்டினார்கள். ஒன்றும் புரியவில்லை. என் வாசிப்புதான் அவ்வளவு பிரமாதம் போலிருக்கிறது என்று குரலை உயர்த்தினேன். இரண்டாவது மேகத்துக்கு, மாமியாரின் தோழி கன்னியம்மாக்கா "அப்படிப் போடு!" என்றே கத்திவிட்டார்.

பச்சை மனிதர்கள் வந்து இறங்கியதும் கூட்டம் கப்சிப். அவர்கள் ரோபோவின் மண்டையை உடைத்தபோது கன்னியம்மாக்கா எழுந்து நின்றார்.

"ஏம்மா, அது பாட்டுக்கு மேகத்தக் குடிச்சிக்கினு கெடக்குது. அத ஏன் ஒடைக்கிறானுங்க?"

"அக்கா, அதுதாங்க வில்லன்."

"அதுவா? அந்தப் பச்சப் பசங்கதான் வில்லன்!"

தப்பாக எழுதிவிட்டேனோ என்று பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. குழம்பிப்போய், வேறு வழி தெரியாமல் கடைசி வரியையும் வாசித்துத் தொலைத்தேன்: "சித்திரையில் பெருமழை கொட்டியது. மக்கள் ஆனந்தக் கூத்தாடினர்."

யாரும் கூத்தாடவில்லை.

"சித்திரையிலயா?" என்றார் கன்னியம்மாக்கா. "ஒரு மழ வுட்டாப் போதும், பாத்தியில வெளைஞ்ச உப்பு மொத்தமும் கரைஞ்சிடும். மறுபடி உப்பு வெளையற வரைக்கும் எங்க வூட்டு அடுப்பு எரிய வேணாமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினைந்து பேரும் என்னைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். உலகத்தைக் காப்பாற்றப் போய் மாமியாரின் மானத்தை வாங்கிவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது.

மாமியார் எழுந்தார். "அவ பெருமுக்கல் பொண்ணு. அவங்களுக்கு மழதான் சாமி. இங்க எப்படின்னு நான்தான் சொல்லியிருக்கணும், சொல்லல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்த ரோபோவ எழுப்பு."

"அத்தை, அது சுக்கல் சுக்கலா ஒடஞ்சி..."

"ஒட்டவையி. கதைதான?"

நின்ற இடத்திலேயே ஒட்டவைத்தேன். ரோபோவுக்கும் பச்சை மனிதர்களுக்கும் சமாதானம் பேசி முடித்தவர் மாமியார்தான். "ஐப்பசி, கார்த்திகையில நமக்கு எப்படியும் உப்பு வேல கெடயாது. அப்ப அது தூங்கட்டும், மழ பேயட்டும். உங்கப்பா பயிருக்கும் ஆவும்" என்று தீர்ப்புச் சொன்னார். கன்னியம்மாக்கா பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டார்.

இன்றுவரை எந்தக் கதையும் அத்தையின் காதில் விழாமல் அச்சுக்குப் போவதில்லை. ரோபோ காதலிக்கலாம், வேற்றுக்கிரகவாசிக்கு மூன்று தலை இருக்கலாம், அவருக்கு ஆட்சேபணை இல்லை. மாதம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். போன வருஷம் ஒரு விமர்சகர், "இவருடைய எல்லாக் கிரகங்களிலும் ஐப்பசியில்தான் மழை பெய்கிறது, ஏனென்று விளங்கவில்லை" என்று எழுதியிருந்தார். அதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன்.

"கிரகம் எதுவா இருந்தா இன்னா," என்றார், "அங்கயும் உப்பு வார்றவங்க இருப்பாங்கல்ல?"