சகலையின் கொழுப்பு

சகலையின் குழி மட்டும் வெளிறிக் கிடந்தது.

டெக்னீஷியன் அந்த பிளாஸ்டிக் பிளேட்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிளேட் முழுக்கக் குட்டிக் குட்டிக் குழிகள், குழிக்கு ஒரு ஆளின் ரத்தம். கெட்ட கொலஸ்ட்ராலைச் சுமக்கும் புரதத்தைக் குழியில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி பிடித்து வைத்துக்கொள்ளும். கடைசி மருந்தை ஊற்றியதும், பிடிபட்ட அளவுக்கு மஞ்சள் ஏறும். ஊரார் குழியெல்லாம் மஞ்சளாக இருக்க, மனைவியின் தங்கை புருஷனுடையது மட்டும் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. டெக்னீஷியனுக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? மைத்துனிக்குக் கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் சகலை புராணம்தான். சகலை ஓடுகிறார், சகலைக்குத் தொப்பை இல்லை, சகலை மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறார். ஒரு தடவையாவது மனைவி தன்னையும் அப்படிச் சொல்லமாட்டாளா என்று இவருக்கு ஏக்கம்.

"ரெண்டு பேரும் ரத்தம் குடுங்க. யாருக்கு எவ்வளவு கொழுப்புன்னு பார்த்துடலாம்" என்று அவளே போட்டி வைத்துவிட்டாள்.

காலையில் இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் பரிசோதனைக்கூடத்து நர்ஸிடம் ரத்தம் கொடுத்தார்கள். எப்படியும் தோற்றுவிடுவோம் என்ற பயத்தில், டெக்னீஷியன் தன் டியூபைச் சோதிக்காமலே குப்பையில் போட்டுவிட்டார். கைதவறி உடைந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

குழியைச் சரியாகக் கழுவவில்லையோ என்று முதலிலிருந்து மறுபடியும் செய்தார். இந்தத் தடவை இன்னும் வெளிறியது.

மூன்றாவது தடவை, சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்திருக்கும், கொழுப்பு எக்கச்சக்கமாக உள்ள கன்ட்ரோல் திரவத்தைச் சகலையின் குழியில் விட்டார். குழி மஞ்சளோ மஞ்சள் என்று ஆனது.

"வாடா வழிக்கு" என்றார் குழியைப் பார்த்து.

மாலையில் ரிப்போர்ட்டை மனைவியிடம் நீட்டினார்.

"அடப்பாவமே. இவ்வளவு கொழுப்பை வச்சுக்கிட்டா அந்த மனுஷன் அவ்வளவு தூரம் ஓடுறாரு? என்ன மன உறுதி பாருங்க."

"அதில்லம்மா, ரொம்ப ஆபத்தான அளவுன்னு போட்டிருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீங்களா இருந்தா போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு படுத்திருப்பீங்க."

மறுநாளே இரண்டு வீட்டு அடுப்படியிலிருந்தும் எண்ணெய் வெளியேறியது. மனைவி காய்கறியை வேகவைத்து டப்பாவில் அடைத்துத் தந்தாள். அதைச் சுமந்து போய்க் கொடுக்கிற வேலை டெக்னீஷியனுக்கு. சகலை சோபாவில் சாய்ந்தபடி, "வாங்க சகலை, டப்பாவை அங்க வச்சிடுங்க" என்பார், ஹோட்டல்காரனிடம் சொல்வதுபோல.

ஒரே மாதத்தில் சகலை இளைத்து, முகம் களையாகி, பார்ப்பவர் திரும்பிப் பார்க்கும்படி ஆனார். "நோயை எப்படி எதிர்த்து நிக்கிறார் பாருங்க" என்று மனைவி கண்கலங்கினாள். டெக்னீஷியனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இரக்கப்பட ஒரு வியாதி இருப்பதால்தானே இந்த ராஜ உபசாரம், அந்த வியாதியையே பிடுங்கிவிடுவது என்று முடிவு கட்டினார்.

"இன்னொரு தடவை ரத்தம் குடுத்துடுங்க சகலை. இப்ப எல்லாம் சரியாகியிருக்கும்."

சகலையின் முகம் சுண்டிப்போனது. "அது எதுக்கு? நீங்க ஒரு தடவை பார்த்துச் சொன்னா பத்தாதா? எனக்கு உங்க மேல முழு நம்பிக்கை."

"நல்ல மனசு" என்றாள் பக்கத்திலிருந்த மனைவி. "உங்களுக்குத்தான் உங்க வேலை மேலயே நம்பிக்கை இல்ல."

டெக்னீஷியன் நேராகப் பரிசோதனைக்கூடத்துக்குப் போய், ரத்தம் எடுக்கும் நர்ஸைப் பிடித்தார்.

"நாளைக்கு எங்க சகலை வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்துட்டு வந்துடுங்கம்மா. போன தடவை எடுத்தீங்களே, அதே மாதிரி."

நர்ஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். ஊசியைப் பார்த்ததுமே அவர் மயங்கி விழுந்துட்டாரு. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு ஒரே அழுகை. பாவமா இருந்துச்சு, உங்க ரத்தத்துலயே பாதியை ஊத்தி அவர் பேரை ஒட்டிட்டேன்."