ஏரி புரண்ட வாரத்தில் ஐமோ பிடித்த மீன்

இந்தக் குளிர்காலத்துக்கும் இந்த வீட்டை விட்டு நகர்வதில்லை என்று ஐமோ சபதம் போட்டான். சத்தமாகப் போடவில்லை. படகுத்துறையின் கடைசிப் பலகையில் உட்கார்ந்து, மழைக்கோட்டுக்குள் ஆமை மாதிரித் தலையை இழுத்துக்கொண்டு, மனசுக்குள் போட்டான். வீட்டுக்குள் ஹில்க்கா இருந்தாள். பெண்டாட்டி காது கேட்கிற தூரத்தில் சபதம் போட்டு எந்தப் புருஷன் ஜெயித்திருக்கிறான்?

செப்டம்பர் பிறந்ததிலிருந்து பின்லாந்தில் சூரியன் உருப்படியாக வேலைக்கு வரவில்லை. தாமதமாக வரும், ஒரு மூலையில் மங்கலாக நிற்கும், சொல்லாமல் போய்விடும். மழையும் பெரிதாகப் பெய்யாது. மூக்கு ஒழுகுகிற பிள்ளை மாதிரி நாள் முழுக்கச் சிணுங்கிக்கொண்டிருக்கும். பிர்ச் மரங்கள் மஞ்சளாகி, கிடைத்த காற்றுக்கெல்லாம் இலையைக் கொட்டின. ஐமோவின் மனசும் அந்த இலை மாதிரி நனைந்து தரையோடு ஒட்டிக் கிடந்தது.

காரணம், முந்தாநாள் காபிக்கு நடுவில் ஹில்க்கா சொன்ன சேதி.

"இர்மெலி கூப்பிடுறா. குவோப்பியோ டவுன்ல அவ குடியிருக்கிற தெருவுலயே ஒரு வீடு காலியா இருக்காம்."

இர்மெலி இவர்கள் மகள். ஐமோ ரொட்டியை மென்றுகொண்டே, "இருக்கட்டும்," என்றான்.

"சுவத்துலயே சூடு வருமாம். விறகு பிளக்க வேண்டாம். பனி தள்ள வேண்டாம்."

"ஏரி இருக்கா?"

"ஜன்னலைத் திறந்தா பஸ் ஸ்டாண்டு தெரியுமாம்."

"பஸ் ஸ்டாண்டுல மீன் பிடிக்க முடியுமா?"

"இங்க மட்டும் பிடிச்சுக் குவிச்சிட்டியாக்கும்!"

ஐமோ ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டான். ரெண்டு வாரமாக அவன் வெறும் வாளியோடுதான் திரும்பி வருகிறான்.

அவன் மேல் குற்றமில்லை. ஏரி புரண்டு படுத்துவிட்டது. வருஷா வருஷம் நடக்கிறதுதான். கோடை முழுக்க வெதுவெதுப்பான தண்ணீர் மேலே மிதந்துகொண்டு சுகமாக இருக்கும், சில்லென்ற தண்ணீர் அடியில் கிடக்கும். இரவுகள் குளிர ஆரம்பித்ததும் மேல்தண்ணீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கும். கீழே கிடந்தது சேறும் நாற்றமுமாக மேலே ஏறும். மீனுக்கெல்லாம் விலாசம் மாறிப்போகும். எது எங்கே குடியிருக்கிறது என்று அதுக்கே தெரியாது. தூண்டில்காரனுக்கு எப்படித் தெரியும்?

இதையெல்லாம் ஐமோ விளக்கமாகச் சொன்னான். ஹில்க்கா பொறுமையாகக் கேட்டாள். அவள் பொறுமையாகக் கேட்டாலே பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"சரி கிழவா, ஒரு பேச்சு," என்றாள். "சனிக்கிழமை சவுனா நீராவியில வேர்த்து முடிச்சு நான் வந்து உக்காரும்போது, புகை போட்ட வரிமீன் ஒரு தட்டு மேஜை மேல இருக்கணும். இருந்தா இந்தக் குளிர்காலமும் இங்கயே. இல்லைன்னா படகைக் கவுத்துப் போட்டுட்டு மூட்டையைக் கட்டு."

"சரி."

"கடை மீன் செல்லாது. கடை மீன் மூஞ்சி எனக்குத் தெரியும்."

"ஹில்க்கா, எனக்குன்னு ஒரு இடம் இருக்கு. ஞாபகம் வச்சுக்கோ."

"ஆமா, பெரிய இடம். கட்டிக்கிட்டு வந்த நாளா கேக்குறேன், சொன்னியா?"

சொல்லவில்லை. அந்த ஊரில் ஒரு ஆம்பளையிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், மீன் பிடிக்கிற இடத்தை மட்டும் கேட்கக் கூடாது. ஐமோவின் அப்பா உயிர் போகிற நேரத்தில், ஜெபம் பண்ண வந்த பாதிரியாரை வெளியே அனுப்பிவிட்டு, மகன் காதில் அந்த இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். அன்றிலிருந்து ஐமோ அங்கே போகிற நாளெல்லாம் படகை முதலில் எதிர்த்திசையில் விடுவான். தீவைச் சுற்றி, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு திரும்புவான். "எங்க பிடிச்சே?" என்று ஹில்க்கா கேட்டால், "தண்ணியில," என்பான். அவ்வளவுதான் பதில்.

வெள்ளிக்கிழமையும் தீவைச் சுற்றித்தான் போனான். தண்ணீர் காபி வடிகட்டின மண்டி நிறத்தில் இருந்தது. அழுகின பாசி நாற்றம் மூக்கைத் துளைத்தது. புழுவைக் குத்தித் தூண்டிலை இறக்கினான். ஒரு அசைவு இல்லை. இழுத்துப் பார்த்தால், குளிக்கப் போய்விட்டு வந்த மாதிரி புழு பளபளவென்று திரும்பி வந்தது. கடிக்க வேண்டாம், முகர்ந்தாவது பார்க்கக் கூடாதா? பொழுது சாய்கிற வரைக்கும் அப்படியே இருந்தான். முதுகு விறைத்தது. தூரத்தில் அவன் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை எழுந்தது. நனைந்த வானத்தில் ஏற முடியாமல் கூரை மேலேயே படுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் இந்த நேரத்தில் அந்த அடுப்பு அணைந்து கிடக்கும். நான் ஒரு ஜன்னலில் உட்கார்ந்து, எந்த பஸ் எப்போது கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நினைக்க நினைக்க அவனுக்குக் கண் கலங்கியது. மழைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் மானத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஓன்னியிடம் போனான். ஓன்னி பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், தனியாள். வாசற்படியில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு வாளி. வாளி நிறைய வரிமீன். செட்டை சிவக்கச் சிவக்க, இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தன.

"எங்கடா பிடிச்சே?" என்றான் ஐமோ.

"தண்ணியில."

ஐமோ வாளிப் பக்கம் குனிந்தான். "எனக்குப் பாதி கொடு."

"முழுசா எடுத்துக்கோ."

"நெசமாவா?"

"உன் இடத்தைச் சொல்லு."

ஐமோ எழுந்து வேலி வரைக்கும் போனான். திரும்பி வந்தான். "என் அப்பன் எனக்கு விட்டுட்டுப் போன ஒரே சொத்துடா அது!"

"சரி, சொத்தை வச்சுக்கோ. குவோப்பியோவுக்கு எடுத்துட்டுப் போ. பஸ் ஸ்டாண்டுல விரிச்சுப் படுத்துக்கலாம்."

"உனக்கு எப்படித் தெரியும் அது?"

"ஊருக்கே தெரியும். சொல்றியா, மீனை எனக்கே சுத்தம் பண்ணிக்கட்டுமா?"

ஓன்னி ஒரு மீனைக் கையில் எடுத்துக் கத்தியை ஓங்கினான். ஐமோவுக்குத் தன் வீட்டு அடுப்பையே யாரோ வெட்டப் போகிற மாதிரி இருந்தது. நாலா பக்கமும் பார்த்தான். ஒரு காக்கை இருந்தது. அதைக் கல் எறிந்து விரட்டினான். பிறகு குனிந்து, ஓன்னியின் காதில், அப்பா சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னான். செத்த பைன் மரமும் சிவப்புப் படகுக் கொட்டகையின் புகைபோக்கியும் ஒரே கோட்டில் வரணும். இடது கைப்பக்கம் ஓடை வாய் திறந்து தெரியணும். அங்கே நங்கூரம்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றான் ஓன்னி. "பைன் மரம் முன்னாலயா, புகைபோக்கி முன்னாலயா?"

பாதிரியாரிடம் வேதபாடம் கேட்கிற பிள்ளை மாதிரி அவ்வளவு சிரத்தை. ஐமோ ரெண்டாம் தடவையும் சொன்னான். வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது, அப்பாவின் கல்லறை இருக்கிற திசையில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் அவனே சுத்தம் செய்து, உப்புத் தடவி, ஆல்டர் மரத்தூள் போட்டுப் புகையேற்றினான். சவுனாவுக்கு அவன் முதலில் போனான், ஹில்க்கா அப்புறம் போனாள். முகம் சிவந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் வந்து உட்கார்ந்தபோது, தட்டில் மீன் தங்க நிறத்தில் அடுக்கியிருந்தது.

"பிடிச்சிட்டியே!"

"பிடிக்காம?" ஐமோ நாற்காலியில் சாய்ந்தான். "ஏரி புரளலாம், ஐமோ புரள மாட்டான். ஒண்ணு ஒண்ணும் என்ன இழுப்பு இழுத்துச்சு தெரியுமா! ஒருத்தன் படகையே இழுத்துட்டுப் போயிருப்பான்."

"அடேயப்பா." ஹில்க்கா ஒரு மீனின் தோலை உரித்தாள். முள்ளை நிதானமாக எடுத்தாள். வாயில் போட்டாள். "நல்ல ருசி. சரி, பேச்சுன்னா பேச்சு. இங்கயே இருப்போம்."

இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. ஐமோ வெண்ணெய்க்குக் கை நீட்டினான்.

"ஆனா ஒண்ணு கிழவா," என்றாள் ஹில்க்கா. "செத்த பைன் மரமும் சிவப்புக் கொட்டகைப் புகைபோக்கியும் ஒரே கோட்டுல வர்ற இடத்துல, இந்த வாரங்கூடவா மீன் இருந்துச்சு?"

ஐமோவின் கை வெண்ணெய்க்குள் இறங்கிவிட்டது.

"நீ சவுனாவுல இருக்கும்போது ஓன்னி வந்துட்டுப் போனான்," என்றாள் அவள்.

"அந்தத் துரோகி!"

"அவனை ஏன் திட்டுறே? மீன் என்னுது, அவன்கிட்ட கொடுத்து வச்சதே நான்தான். நம்ம துறைக்குப் பக்கத்துக் கோரைக்குள்ள கம்பிக்கூடு இறக்கி வச்சேன். நடுவுல இடம் பிடிக்காததெல்லாம் கரையோரம் வந்து தானா நுழைஞ்சுது. நீதான் தினமும் தீவைச் சுத்தப் போயிடுறியே, கோரைப் பக்கம் எங்க பாத்தே?"

"அப்ப குவோப்பியோ வீடு?"

"அது நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் அங்க போவேனா?"

வெளியே மழை ஜன்னலில் சிணுங்கியது. ஐமோ வெண்ணெய்க் கையைத் துடைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தான். வீடு தப்பித்தது. இடம் போயிற்று. அப்பா காதோடு சொன்னது, இப்போது மூணு பேர் வாயில் இருக்கிறது. ஏரி தெளிந்ததும் முதல் படகு யாருடையது என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

கடைசியாக ஒரு சந்தேகம் வந்தது. ஓன்னி லேசில் யாருக்கும் வேலை செய்கிறவன் இல்லை.

"அவனுக்கு என்ன கொடுத்தே?"

"குளிர்காலம் முழுக்க உப்பு போட்டு வச்ச காட்டுக் காளான் கொடுக்கிறதா ஒத்துக்கிட்டேன்."

"அந்தக் காளானை எங்க பறிக்கிறே நீ?"

ஹில்க்கா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எனக்கென்ன பைத்தியமா கிழவா? அந்த மாதிரி இடத்தை எல்லாம் யாராவது வெளிய சொல்லுவாங்களா?"