மாப்பிள்ளை சொன்ன மழை

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் மனைவியும் உங்கள் அத்தையுமானவளும், இரண்டு பசுக்களும் நலம். மக்காச்சோளம் நலமில்லை. அங்கு நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதற்கு இந்த வீட்டில் எங்களுக்கு நல்ல பழக்கம் இருக்கிறது.

நேற்று மகள் போனில் சொன்னாள். எங்கள் களத்தில் சோளம் நனைந்த செய்தி கேட்டதிலிருந்து நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். வானிலை சொல்லும் வேலையே வேண்டாம், கருவிக் கிடங்குக்கு மாற்றிவிடுங்கள் என்று மேலதிகாரியிடம் மனு கொடுக்கப் போகிறீர்களாம். "அவர் முகமே சரியில்லப்பா, நீங்க ஒரு வார்த்தை எழுதுங்க" என்றாள். ஆறுதல் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பேனாவைத் திறந்ததும் வேறு என்னவோ வருகிறது. மனுவைக் கொடுங்கள் மாப்பிள்ளை. கிடங்கு நல்ல இடம். கூரை இருக்கும்.

விவசாயிகளுக்கென்று தினமும் விடியற்காலையில் உங்கள் குரலில் வானிலைச் செய்தி எங்கள் போனுக்கு வர ஆரம்பித்த நாள் முதல் இந்த வீட்டில் வானத்துக்கு மரியாதை போய்விட்டது. உங்கள் அத்தை போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாள். ஒருமுறை கேட்டால் மழை, இன்னொருமுறை கேட்டால் வெயில் என்றா மாறப்போகிறது என்று கேட்டால், "உங்களுக்கு ஒண்ணும் புரியாது" என்கிறாள். கேட்டு முடித்ததும் வெளியே வந்து அறிவிப்பாள். அதன்பிறகு மாப்பிள்ளை சொன்னது நடந்தாக வேண்டும். நடக்காவிட்டாலும் நடந்த மாதிரி நாங்கள் நடந்துகொள்ள வேண்டும்.

போன மாதம் இரண்டு நாள் மழை, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம் என்றீர்கள். மோட்டாரை நிறுத்தினேன். வெயில் மண்டையைப் பிளந்தது, மிளகாய்ச் செடியெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. மோட்டாரைப் போடலாம் என்று கிளம்பினால் வாசலை மறித்து நின்றுகொண்டு, மாமனாரே மாப்பிள்ளை பேச்சை நம்பவில்லை என்று நாலு பேர் பேச வேண்டுமா என்கிறாள். சொந்தக் கிணறு, சொந்த மோட்டார், நான் என்னவோ கன்னம் வைக்கப் போகிற திருடன் மாதிரி வேலியோரமாகப் பதுங்கிப் போய் சுவிட்சைத் தட்ட வேண்டியதாயிற்று. அதையும் பக்கத்து நிலத்து டிராக்டர்காரர் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை மழை பைப்புலயா வருதுண்ணே?" என்று கேட்கிறார். அந்த இரண்டு நாளும் உங்கள் அத்தை கொளுத்தும் வெயிலில் குடை பிடித்துக்கொண்டுதான் கடைத்தெருவுக்குப் போனாள், என் கையிலும் ஒன்றைக் கொடுத்தாள். உங்கள் மரியாதையைக் காக்கப் போய் நான் வியர்வையில் நனைந்ததுதான் மிச்சம். இப்போது உரக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாராம், மழையை இரண்டு நாள் தள்ளிப் போடும்படி மாப்பிள்ளையிடம் சொல்லச் சொல்கிறார், ஏதோ நீங்கள்தான் மேலே உட்கார்ந்து குழாயைத் திறந்துவிடுகிற மாதிரி. முடியாது என்றேன். சொந்தக்காரர்களுக்குக்கூடச் செய்ய மாட்டாரா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

சரி, அதெல்லாம் போகட்டும், களத்து விஷயத்துக்கு வருகிறேன். வறண்ட வானிலை, அறுவடை செய்ததைக் காயவைக்கலாம் என்று அன்றைக்குச் சொன்னீர்கள். சோளத்தைக் களத்தில் பரப்பினோம். மத்தியானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நான் தார்ப்பாயை எடுக்க ஓடினேன். உங்கள் அத்தை எனக்கு முன்னால் ஓடிப்போய் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். முதல் சொட்டு விழுந்தது, காக்காய் எச்சம் என்றாள். தூறியது, மரத்திலிருந்து சொட்டுகிறது என்றாள். சடசடவென்று கொட்டி, தலைமுடியைப் பிழிய வேண்டிய நிலை வந்தபோது, "இது நம்ம ஊரு மழை இல்லீங்க, பக்கத்து ஊரு மழை. காத்து தள்ளிக்கிட்டு வந்திருச்சு. நம்ம ஊருக்கு அவர் சொன்னது சரிதான்" என்றாள். பக்கத்து ஊர் மழையில் எங்கள் ஊர்ச் சோளம் பாதி முளைவிட்டது.

அவளைக் குறை சொல்லவில்லை. உங்களையும் குறை சொல்லவில்லை, நீங்கள் தங்கமானவர். அதனால்தான் சொல்கிறேன், இவ்வளவு நல்ல மாப்பிள்ளை வானிலை சொல்லக் கூடாது. ஊரில் மற்றவர்கள் உங்கள் செய்தியையும் கேட்டு, வானத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் இருவருக்கு மட்டும் அண்ணாந்து பார்க்க உரிமை இல்லை. ஆகவே மனுவைத் தைரியமாகக் கொடுக்கவும். கிடங்கில் மழைமானிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள், அவை எங்களோடு பேசாது.

உங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் வராமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சேர்ந்து சிரித்துக்கொண்டு நெடுநாள் வாழ வேண்டும் என்று மனமார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் ஈரம் காயாத
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருந்தேன். அதற்குள் நீங்கள் விடுப்பு எடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. இன்று காலை போனில் வேறு யாரோ ஒரு தம்பி பேசினார். கணீரென்ற குரல். மாலையில் காற்றோடு கனமழை, களத்தில் இருப்பதை மூடிவையுங்கள் என்று பிசிறில்லாமல் சொன்னார். உங்கள் அத்தை ஒரே ஒருமுறை கேட்டுவிட்டுப் போனைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டாள். நானாவது மூடியிருக்க வேண்டாமா? வாசலில் நின்று கறுத்த வானத்தைப் பார்த்துக்கொண்டே, இதை நம்ம மாப்பிள்ளை சொல்லலையே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். சொன்னபடி, சொன்ன நேரத்துக்குக் கொட்டியது. மிச்சச் சோளமும் போச்சு.

அந்தத் தம்பி சரியாகத்தானே சொன்னார், ஏன் கேட்கவில்லை என்று உங்கள் அத்தையிடம் சத்தம் போட்டேன். அலமாரியில் வைத்த போனை எடுத்து வந்தாள். அப்புறம், "அந்தத் தம்பி பேசறப்போ பின்னாடி யாருமே இல்லீங்க" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் பழைய செய்தி ஒன்றைப் போட்டு என் காதில் வைத்து, "மழையைக் கேக்காதீங்க, அதுக்குப் பின்னாடி கேளுங்க" என்றாள். நீங்கள் வீட்டிலிருந்துதான் பேசிப் பதிவு செய்கிறீர்கள் போலிருக்கிறது. லேசானது முதல் மிதமான மழை என்று நீங்கள் சொல்லும்போது தூரத்தில் அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுகிறது, என் மகள் "ஐயோ, பால்" என்று கத்திவிட்டுச் சிரிக்கிறாள். நீங்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வடமேற்குக் காற்று என்கிறீர்கள். எங்களிடம் போனில் பேசும்போது அவள் நல்லா இருக்கோம் என்றுதான் எப்போதும் சொல்வாள். அது நிஜம்தான் என்று உங்கள் அத்தை இதில்தான் தினமும் தெரிந்துகொண்டிருக்கிறாள். நானும் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சோளம் ஞாபகத்துக்கே வரவில்லை.

மனுவைக் கிழித்துப் போடுங்கள் மாப்பிள்ளை. மழையோ வெயிலோ, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். தார்ப்பாயை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு மட்டும் பேசாதீர்கள்.