பத்துக்கு ஒன்று

"பாஸா, ரிஜெக்டா? ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!" என்று மனைவி மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

போல்ட் தொழிற்சாலையில் தர ஆய்வாளரான அவள் கணவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது கம்பெனிகளின் பங்குகளை ஒரே பொட்டலமாகக் கட்டிச் சந்தையில் விற்கிற தொழில்துறை இ.டி.எஃப். அது. நர்ஸ் வேலை பார்த்துச் சேர்த்ததில் பாதியை அவள் அதில் போட்டாயிற்று. மீதியையும் போடுவதா, போட்டதை உருவிக்கொள்வதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

"நிர்வாகச் செலவு ரொம்பக் கம்மி சார். இதுல கால்வாசி டர்பைன் கம்பெனியோட பங்கு. கல்லு மாதிரி கம்பெனி!" என்று எதிரே உட்கார்ந்திருந்த பங்குத் தரகர் தாள்களை நீட்டினார்.

"தாளைப் பாத்து நான் எதையும் பாஸ் பண்ணதில்ல. தொட்டுப் பாக்கணும்."

"நாப்பதையுமா?"

"எங்க வழக்கம் பத்துக்கு ஒண்ணு. நாலு போதும்."

திங்கட்கிழமை லீவு போட்டார். சோதனை நேரத்தில் செல்போன் ஆகாது என்பது அவர் கொள்கை. அணைத்து பீரோவில் பூட்டினார். பங்குதாரரின் கணவர் என்று சொல்லிக்கொண்டு கிரேன் கம்பெனிக்குள் நுழைந்தார். அங்கே ஒரு கிரேன், ஆட்கள் நிறைந்த பஸ்ஸைப் பூனை தன் குட்டியைக் கவ்வுவது போலத் தூக்கி, தூங்குகிறவர் யாரும் விழிக்காமல் இறக்கியது. ஆய்வாளருக்கு எச்சில் விழுங்க மறந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்தால், "ஃபண்டு ரெண்டு சதவீதம் விழுந்திருக்கு" என்றாள் மனைவி.

"அப்ப எங்கயோ கோளாறு இருக்கு. இன்னும் நிதானமாப் பாக்கணும்."

அடுத்தது பல்சக்கரக் கம்பெனி. ஒரு சக்கரத்தைச் சுற்றிவர அவருக்கு இரண்டு தடவை தாகம் எடுத்தது. பல் பல்லாக அளந்ததில் இரண்டு நாள் போயிற்று. ஃபண்டு ஐந்து சதவீதம் இறங்கியது. வியாழக்கிழமை பம்ப் கம்பெனி. அங்கே பம்பை ஓட்டியதும் பக்கத்து ஏரி மரியாதையாகப் பின்வாங்கியது. ஃபண்டு ஒன்பது.

"நீங்க பாக்கப் போறதுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு? கண்ணு வெச்சுட்டீங்களா?"

"நாளைக்கு டர்பைன். அதோட முடிவு சொல்லிடறேன்."

வெள்ளிக்கிழமை உள்ளே போனவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். தகடு தகடாக இறக்கை விரித்து, கூரையை முட்டிக்கொண்டு நின்றது டர்பைன். ஒவ்வொரு தகட்டிலும் அவர் முகம் தெரிந்தது. ஆயிரம் ஆய்வாளர்கள் வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்தார்கள். தட்டிப் பார்க்கக் கை வரவில்லை. இத்தனை வருஷத்தில் இதுவே முதல் தடவை.

ஆனால் அது ஓடவில்லை. கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை.

"இவ்வளவு பிரமாதமா இருக்கு, ஏம்மா சும்மா நிக்குது?" என்று தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கிசுகிசுத்தார்.

"அத ஏண்ணே கேக்கறீங்க! எட்டே எட்டு போல்ட்டு வரணுமாம். அங்க பாஸ் போடற மனுஷன் திங்கக்கிழமை லீவு போட்டுட்டுப் போனவரு, செல்போனக்கூட எடுக்கலையாம்!"